ஒரகடத்தில் வாங்கிய ஐம்பத்தெட்டு கிராம்

ஒரகடத்துக்குப் போகிறவர்கள் வேலை தேடிப் போவார்கள். இல்லையென்றால் பக்கத்தில் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடப் போவார்கள். நான் போனது ஒரு மௌஸ் வாங்க. கணினியில் விளையாடுகிறவர்கள் வைத்திருக்கிற, வயர் இல்லாத, எடை குறைந்த மௌஸ். எனக்கு வயது அறுபத்தொன்பது. நாசரேத் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கணினியில் எந்த விளையாட்டையும் ஆடியதில்லை. ஆடுகிறவளை ஆட விட்டதும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காலை 5.40. செங்கல்பட்டில் ரயில் நின்றது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பத்து கிலோமீட்டர், பேருந்துக் கட்டணம் பன்னிரண்டு ரூபாய். அங்கே வண்டி மாறி ஒரகடத்துக்கு இன்னொரு பன்னிரண்டு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். என் பக்கத்து இருக்கையில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு இளைஞன் வாய் திறந்து தூங்கினான். அவனை எழுப்ப வேண்டிய இடம் நடத்துனருக்குத் தெரிந்திருந்தது. "தம்பி, உன் கம்பெனி கேட்டு வந்துருச்சு" என்று தோளைத் தட்டினார். அவன் கண்ணைத் திறக்காமலே இறங்கிப் போனான்.

அந்தச் சாலையின் இருபுறமும் மதில்கள். மதிலுக்குள் கட்டடங்கள், கட்டடங்களுக்கு ஜன்னல் கிடையாது. எதிரே புதுக் கார்களை அடுக்கிய நீள லாரிகள், வெள்ளை நிறத்தில் கம்பெனி பஸ்கள். இப்படி ஒரு கட்டடத்துக்குள்தான் என் மகள் எஸ்தர் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். மின்னணு போர்டுகளைச் சோதித்துப் பழுது கண்டுபிடிக்கும் பிரிவு. மூன்று கிறிஸ்துமஸாக வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் ஓ.டி., கூடுதல் நேர வேலை என்பாள்.

போன மாதம் என் மனைவி சொன்னாள்: "அவ மறுபடியும் கேம் ஆடுதாளாம். கம்பெனி லைன்ல இருக்க பிள்ளைகளோட ஒரு டீமாம். மணிக்கட்டு வலிக்குதாம், வெயிட் கம்மியா வயரில்லாத மௌஸ் ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்காளாம்." அதைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

காலை 7.15. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடைக்கு எதிரே நான் தேடிய கடை திறந்திருந்தது. இந்த ஊரில் கடைகள் சூரியனைப் பார்த்துத் திறப்பதில்லை, ஷிப்டைப் பார்த்துத் திறக்கின்றன. அந்தக் கடை காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. பிறகு மூடி, மதிய ஷிப்ட் விடும்போது மறுபடி. போன் உறை, ஹெட்போன், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வரிசை மௌஸ். மேசை மேல் நகைக்கடையில் இருப்பது போல ஒரு சின்னத் தராசு.

"இன்னா சார் பாக்குற?" என்றார் கடைக்காரர். நாற்பது வயது இருக்கும்.

"கேமிங் மௌஸ். வயர் இல்லாதது."

"உனக்கா சார்?"

"என் மகளுக்கு."

"அப்டி சொல்லு. ஒரு நிமிசம் மெர்சலாயிட்டேன்."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒன்று பொம்மை போல இருந்தது, காற்றடித்தால் பறந்துவிடும். அதை ஒதுக்கினேன். கடைசியில் நல்ல கனமான ஒன்றை எடுத்து, "இது திடமாக இருக்கிறது" என்றேன். தையல் மெஷின், மிக்சி, மின்விசிறி என்று எதையும் கனத்தைப் பார்த்தே வாங்கியவன் நான்.

"சார், தேங்காயா வாங்குற? ஆட்டி ஆட்டிப் பாத்துகினு கீற" என்றார். கனமானதைத் தராசில் வைத்தார். நூற்று இருபத்தாறு கிராம். நான் ஒதுக்கியதை வைத்தார். ஐம்பத்தெட்டு. "எட்டு மணி நேரம் லைன்ல நின்ன கை சார். அதுல போயி இத்த குடுத்தா அவ்ளோதான். வெயிட்டு கொறையக் கொறையத்தான் துட்டு ஏறும். பொட்டில போட்டுகீறத நம்பாத, அதுக்குத்தான் தராசு வச்சிகீறேன்."

மேலோட்டில் தேன்கூடு போல ஓட்டை போட்ட ஒன்று இன்னும் எடை குறைவாக இருந்தது. அதைக் காட்டினேன். "இந்த ரோட்டுக்கு அது வாணாம். லாரி தூசி மொத்தமும் உள்ள பூந்துக்கும்" என்றார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"பொண்ணு எப்டி புடிக்கும்? உள்ளங்கைய மொத்தமா மேல வைக்குமா, வெரல வளைச்சு வைக்குமா, இல்ல நுனியாலயா? அதப் பாத்துத்தான் ஷேப்பு."

எஸ்தர் வீட்டில் நான்கு வருடம் ஆடினாள். நான் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று நேரத்தைச் சொல்லியிருக்கிறேன். அவள் கையை ஒருநாளும் பார்த்ததில்லை.

"தெரியாது" என்றேன்.

"சரி வுடு. கம்பெனில க்ளவுஸ் இன்னா சைஸு? எஸ்ஸா, எம்மா?"

அந்த ஊரில் கையை அளக்க அதுதான் வழி. லைனில் வேலை செய்கிற எல்லாருக்கும் கையுறை அளவு தெரியும். எஸ்தரோடு அறையில் தங்கியிருக்கும் முத்துமாரியின் எண்ணை என் மனைவி கொடுத்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அன்று அவளுக்கு வார விடுமுறை. போன் போட்டேன்.

"ஐயா, அக்கா நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தாவ. க்ளவுஸா? எஸ்ஸுதான். அதுவே வெரல் நுனில லூசுன்னு சொல்லுவாவ. எதுக்குய்யா?"

"அப்புறம் சொல்கிறேன் அம்மா."

ஐம்பத்தெட்டு கிராமையே எடுத்துக்கொண்டேன். ஐயாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு ரூபாய். கடைக்காரர் அதைக் கவிழ்த்து, அடியில் ஒரு மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னக் குழி, அதில் விரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர். அதைக் கணினியில் செருகினால்தான் மௌஸ் பேசும். "இந்தப் பொட்டு தொலைஞ்சா மௌஸு வெறும் சோப்பு டப்பா சார். ஒண்ணுக்கு இன்னொண்ணோட பொட்டு சேராது. பொண்ணாண்ட சொல்லிடு."

காலை 9.20. வல்லக்கோட்டைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "கோயிலுக்கா சார்?" என்றார் ஓட்டுநர். மகளைப் பார்க்க என்றேன். எந்த ஷிப்ட் என்று கேட்டார். நைட் என்றதும், "அப்போ இப்ப போயி கதவத் தட்டாத. பன்னெண்டு வரிக்கும் தூங்கவுடு. இந்தாண்ட எல்லா வூட்லயும் எப்பவும் ஒரு ஆளு தூங்கினுதான் கீது" என்றார். எங்கள் ஊரில் பகலில் கதவைத் தட்டாமலே உள்ளே போவோம். இங்கே பகலில் குரல் உயர்த்துவதே தப்பு.

முருகன் கோயில் மண்டபத்து நிழலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் அங்கே யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். வாசகர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்பு எஸ்தர் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். தலைவி சுபா, எஸ்தருக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தோழி. மதுரையில் ஒரு கல்லூரியில் போட்டி. இறுதிச் சுற்றுக்குப் போயிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலை அவள் பாட்டுப் பயிற்சிக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் அவள் மௌஸைத் திறந்தேன். உள்ளே நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. செய்திக் கம்பிகளில் பச்சையை மட்டும் வெட்டினேன். விளக்கு எரியும், அம்பு நகராது. போட்டி மேசையில் செருகும்வரை அவளுக்குத் தெரியாது. தானாகக் கெட்டுப்போனது என்றே நினைப்பாள். நான் படித்த இயற்பியலை அப்படிப் பயன்படுத்தினேன்.

வேறு மௌஸ் தேடிப் பிடிப்பதற்குள் அணி தோற்றது. எஸ்தர் விளையாடுவதை விட்டுவிட்டாள். அன்று நான் வென்றதாக நினைத்தேன்.

மதியம் 12.30. கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அறை. மூன்று பெண்களுக்கு ஒரு கட்டில், இரண்டு பாய்; மூன்றாமவள் வேலைக்குப் போயிருந்தாள். முத்துமாரி, "கடைக்குப் போயிட்டு வாரேன் ஐயா" என்று எங்களை விட்டு வெளியே போனாள். எஸ்தர் முகம் கழுவி ஈரத்தோடு வந்தாள். வலது மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தாள்.

"சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. அம்மாக்கு ஒண்ணுமில்லல்லா?"

"ஒண்ணுமில்லம்மா. இதக் குடுக்கத்தான் வந்தேன்."

பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்களா வாங்குனீங்க?"

அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப் வைத்திருந்தாள். ரிசீவரைச் செருகி, பக்கத்தில் மௌஸை வைத்தாள். அப்போது பார்த்தேன். உள்ளங்கை அதைத் தொடவே இல்லை. கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மறுபக்கம், மூன்றின் நுனி மட்டும். நனைந்த கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல. கடைக்காரர் கேட்டதற்குப் பதில் அதுதான்.

"என் கைக்குச் சரியா எடுத்திருக்கீங்க" என்றாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்போடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அதற்காக நான் வரவில்லை.

"எஸ்தர், மதுரையில அன்னைக்கு உன் மௌஸ் தானாக் கெடல. நான்தான் உள்ள கம்பிய வெட்டினேன்."

அவள் திரும்பவில்லை. திரையில் அம்பு இரண்டு வட்டம் போட்டு நின்றது.

"பச்சக் கம்பி" என்றாள்.

நான் நிறத்தைச் சொல்லியிருக்கவில்லை.

"இங்க டெஸ்டிங்ல சேந்த மொத வருஷமே அந்தப் பழைய மௌஸத் தொறந்து பாத்தேன்ப்பா. அறுந்த கம்பி எது, வெட்டுன கம்பி எதுன்னு தெரியாமலா எனக்குச் சம்பளம் குடுக்காங்க? ஸ்க்ரூவ எல்லாம் ஒரே அளவுக்கு முடுக்கி வச்சிருந்தீங்க. நம்ம வீட்ல அவ்வளவு நீட்டா வேற யாரு செய்வா?"

"நீ கேக்கவே இல்லையம்மா."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். எட்டு வருஷம்."

"உன் படிப்பு கெட்டுரும்னு பயந்தேன். தப்புதான். மன்னிச்சிரு."

"அந்த செமஸ்டர்லதான் ரெண்டு அரியர் வச்சேன். அதுக்கு முன்னால ஒண்ணு வச்சிருக்கேனா?" குரல் அப்போதும் உயரவில்லை. அடுத்த அறையில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். "எனக்குச் செஞ்சத விடுங்க. சுபா என்ன சொன்னா தெரியுமா? 'உங்கப்பாக்குப் பயந்து நீயே மௌஸக் கெடுத்துட்டு நடிக்கே'ன்னா. டீம்ல எல்லாரு முன்னாலயும். அதுக்கப்புறம் அவ எங்கிட்ட பேசவே இல்ல. அவ கல்யாணத்துக்கும் சொல்லல. நான் எத வச்சு இல்லன்னு சொல்லுவேன்?"

இது எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாக மகளின் விளையாட்டைக் கெடுத்தேன் என்றுதான் வருந்தியிருந்தேன். அவளைப் பொய்க்காரியாக்கினேன் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

அவள் லேப்டாப்பை மூடினாள். மௌஸைப் பெட்டியில் வைத்து, பெட்டியை என் பைக்குள் அவளே வைத்தாள்.

"இப்ப வேண்டாம்ப்பா. சுபா கோவில்பட்டியில டீச்சரா இருக்கா, ஸ்டேஷன் பக்கத்துலதான் வீடு. அவகிட்ட நேர்ல போயிச் சொல்லுங்க. சொல்லிட்டுக் கொண்டாங்க, வாங்கிக்கிடுதேன்."

பிறகு முத்துமாரி வந்தாள். மூவரும் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். எஸ்தர் எனக்கு இரண்டாம் முறையும் போட்டாள்.

அன்று சிங்கப்பெருமாள் கோவிலில் எழுநூறு ரூபாய் அறையில் தங்கி, மறுநாள் காலை செங்கல்பட்டில் பகல் ரயில் ஏறினேன். டிக்கெட் திருநெல்வேலிக்கு. முதலில் வீட்டுக்குப் போய், மனைவியிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்துக் கோவில்பட்டி போகலாம் என்பது என் திட்டம். நான் எதையும் இப்படித்தான் தள்ளிப்போடுவேன்.

மாலை 4.10. திண்டுக்கல் தாண்டியது. பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். அவள் பிடித்தது போல மூன்று விரல் நுனியால் மௌஸைப் பிடித்துப் பார்த்தேன். என் விரல்களுக்கு அது வரவில்லை. கவிழ்த்து, அடியில் இருந்த மூடியைத் திறந்தேன். குழி காலியாக இருந்தது.

விழுந்துவிட்டதோ என்று பைக்குள் கொட்டித் தேடினேன். எதிர் இருக்கைக்காரர் குனிந்து, "என்ன சார் விழுந்துச்சு, மாத்திரையா?" என்றார். அவரும் சேர்ந்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். பிறகு வெட்கத்தை விட்டு எஸ்தருக்குப் போன் போட்டேன். இரவு ஷிப்டுக்குப் போகும் முன் அவள் தூங்கி எழுந்திருந்தாள்.

"ரிசீவரக் காணோம்மா."

"எங்கிட்டதான் இருக்கு" என்றாள். "லேப்டாப்லயே விட்டுட்டேன்."

"மறந்துட்டியா?"

"இல்ல."

போனை வைத்தேன். மதுரை வந்தது, விருதுநகர் வந்தது, சாத்தூர் வந்தது. வெறும் சோப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலை 6.50. டிக்கெட் திருநெல்வேலிக்கு இருந்தது. கோவில்பட்டியில் இறங்கினேன்.