நான் படிக்காமல் வைத்த கேள்வி

சென்ற ஆண்டு மழை ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது இது.

அங்கே நாங்கள் மாதம் ஒருமுறை கூட்டம் நடத்துகிறோம். நாட்டு நடப்பு பற்றி ஒருவர் ஐம்பது நிமிடம் பேசுவார். பிறகு நாற்பது நிமிடம் கேள்வி பதில். மைக்கைக் கையில் கொடுத்தால் எங்கள் ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், இன்னொரு சொற்பொழிவு ஆற்றுவார்கள். அதனால் கேள்வியைச் சீட்டில் எழுதித்தான் தர வேண்டும். சீட்டுகளைப் பிரித்து மேடையில் படிப்பது ஒன்பது வருடமாக என் வேலை. தலைப்புக்குள் வருபவை, தலைப்புக்கு வெளியே போகிறவை, சொந்தக் குறைகள் என மூன்றாக அடுக்குவேன். ஒருமுறை ஒருவர் தன் நிலப் பட்டா கதையைச் சொல்லி அரை மணி நேரத்தை விழுங்கியதிலிருந்து, சொந்தக் குறைகளைப் படிப்பதில்லை என்று முடிவு செய்தோம். அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

அன்றைய தலைப்பு, வாக்காளர் பட்டியல் திருத்தமும் வாக்குரிமையும். வரைவுப் பட்டியல் வெளியாகியிருந்த நேரம். கூடம் நிரம்பிவிட்டது. பேசியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். நன்றாகத்தான் பேசினார். ஆனாலும் கூட்டத்தில் அமைதியில்லை. பேச்சு முடிவதற்கு முன்பே சீட்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறி என்னிடம் வந்துகொண்டிருந்தன. மொத்தம் முப்பத்தொன்று.

அவற்றில் ஒன்று, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதியது. ‘லிஸ்ட்டில் என் பேர் இல்லை. நாளைக்குக் கடைசி நாள். நான் என்ன செய்ய வேண்டும்?’ ஒரு நொடி பார்த்தேன். சொந்தக் குறை. மூன்றாவது அடுக்கில் வைத்தேன்.

கேள்வி நேரம் தொடங்கியதும், ஜன்னலோரம் நான்காவது வரிசையில் இருந்த ஒரு பெண்ணைக் கவனித்தேன். வயது நாற்பது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். நான் ஒவ்வொரு சீட்டை எடுக்கும்போதும் நாற்காலி விளிம்புக்கு வருவார். வேறு கேள்வி என்று தெரிந்ததும் பின்னால் சாய்வார். எனக்குப் புரிந்துவிட்டது. என் கை இரண்டு தடவை அந்த அடுக்குப் பக்கம் போய்த் திரும்பியது. கடைசிப் பத்து நிமிடம் இருந்தபோதுகூட, பிற நாடுகளில் பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் எடுத்தேன். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கையெழுத்து அழகாக இருந்தது.

ஐந்து மணிக்குச் சரியாக நன்றி சொல்லி முடித்தோம். பேராசிரியர் ரயிலுக்குக் கிளம்பினார். அந்தப் பெண் நேராக என் மேசைக்கு வந்தார்.

“யக்கா, நான் எழுதிக் குடுத்தது இன்னா ஆச்சு?”

விதியைச் சொன்னேன். பொதுவான கேள்விகளைத்தான் படிப்போம் என்றேன்.

“ஒன்ற மணி நேரமா ஓட்டு இல்லாதவங்களப் பத்திதான பேசிக்கினு இருந்தீங்க? இந்த ரூம்புல ஓட்டு இல்லாதவ நான் ஒருத்திதான்க்கா.”

கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விஷயம் இதுதான். அவர் ஊர் கடப்பாக்கம். வேலை மாமல்லபுரம் பக்கம் ஒரு தங்கும் விடுதியில், துணி துவைக்கும் பிரிவில். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்கல்.

“லிஸ்ட்டுக்குப் படிவம் குடுக்க வூடு வூடா வந்தப்ப என் வூடு பூட்டிக் கெடந்துச்சு. பக்கத்துல ஆரோ, அவ மகாபலிபுரத்துலயே கீறான்னு சொல்லிட்டாங்க. அங்க போய்க் கேட்டா, உன் ஊர்ல போய் எழுதுன்றாங்க. அப்ப நான் எந்த ஊருக்கா?”

பேருந்து நிலையத்தில் எங்கள் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார். அதில் ‘கேள்விகளுக்குப் பதில் அளிக்கப்படும்’ என்று அச்சடித்திருந்தோம். அதை நம்பி, வாரத்தின் ஒரே விடுமுறையில் வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும்.

படியில் இறங்கிக்கொண்டிருந்த பேராசிரியரை ஓடிப்போய் நிறுத்தினேன். கேட்டுவிட்டு, “நடைமுறை எனக்குச் சரியாகத் தெரியாதும்மா” என்றார். பொய் சொல்லவில்லை.

திரும்பி வந்தால், நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த லாரி உரிமையாளர் ஒருவர், கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போடுகிறவர், போனைத் தட்டிக்கொண்டிருந்தார். “நம்ம அவ்ளோ பேசனோம், ஒரு ஃபாரத்த ரொப்பத் தெரில பாரு. தோ, இதுதான் பேரு சேக்கற படிவம். கீழ போய் பிரிண்டு எடுத்தாரேன். அந்தக் கவர்ல போட்டோ கீதாம்மா?”

இருந்தது. படிவத்தை நான் எழுதினேன். அந்தப் பெண் கையெழுத்திட்டார். எழுதி முடித்துவிட்டால் ஆயிற்றா? மறுநாள் அதை ஊரில் யார் கொடுப்பது?

“நான் போறேன்” என்றேன். என்னை அறியாமல் வந்த வார்த்தை.

“நெசமாவா? அவ்ளோ தூரம்க்கா.”

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மதுராந்தகத்தில் பேருந்து மாறி, பதினொரு மணிக்குக் கடப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் நின்றேன். வீடு வீடாகப் படிவம் கொடுத்த, அந்த வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான பெண், காகிதக் குவியலுக்கு நடுவே நாஸ்தாகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“மூணு வாட்டி போனேன் மேடம். பூட்டுதான் இருந்துச்சு. பூட்டுகிட்ட நான் இன்னான்னு கேக்கறது?” என்று சொல்லிக்கொண்டே படிவத்தை வாங்கிச் சரிபார்த்து, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துத் தந்தார். அவர்மேலும் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இறுதிப் பட்டியல் வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த அன்று, நான் பார்ப்பதற்கு முன்பே அவர் அழைத்துவிட்டார். “யக்கா, பேரு வந்துகீது. ஒனக்கு ஓட்டு கீதான்னு பாத்துக்க மொதல்ல.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அந்த முப்பத்தொரு கேள்விகளை இப்போது நினைத்துப் பார்த்தால், முப்பதை எழுதியவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். தெரியாமல் கேட்டவர் ஒருவர்தான். அவரை ஓரமாக வைத்துவிட்டு, கூட்டம் ஒழுங்காக நடந்தது என்று நான் நம்பிய அந்த நாற்பது நிமிடம் இன்னும் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. விடாமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றுகிறது.