பெண் பார்க்க வந்த நாளில் இரண்டு மாத்திரை

எழுபதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பினாங்கில் பார்மசி படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்தால், வீட்டுக்கு வரும் ஒவ்வொருவர் முன்னாலும் அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மருந்தின் முழு வேதிப்பெயர் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒன்றும் விளங்காது. நான் சொல்லி முடித்ததும் வந்தவர் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் சொல்வேன்.

கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த வாரம் குழாயில் தண்ணீர் இல்லை. லோரித் தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடாமல் முடியுமா? தசைப்பிடிப்புக்கு கிளினிக்கில் கொடுத்த காரிசோப்ரோடாலை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினேன். அதன் நைட்ரஜனில் தொங்கும் ஐசோபுரோப்பில் கிளையை ஈரல் கழற்றிவிடும், மிஞ்சுவது பதற்றம் தணித்துத் தூங்கவைக்கும் பழைய மருந்து. இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்.

விழுந்து கும்பிட்டேன், எழுந்தும் விட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒரு மருந்து பேரு சொல்லும்மா. அவங்க கேக்கட்டும்."

வாயில் வந்தது நான் விழுங்கியதன் பெயர்தான். "என்-ஐசோபுரோப்பில்-டூ-மெத்தில்-டூ..." இரண்டாம் கார்பனில் இன்னொரு கிளை உண்டு, தெரியும். நாக்குதான் எழும்பவில்லை. மறுபடி மெத்தில் என்றேன். பிறகு அந்த அம்மாளின் பட்டுச்சேலைத் தோளில் எச்சில் வழியத் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது வந்தவர்கள் போயிருந்தார்கள். அம்மா கேசரித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா என்ன சொன்னாங்க?"

"ராவெல்லாம் படிப்பு லா, அதான் அசதின்னு சொன்னாரு. திருப்பித் திருப்பி அதையே சொன்னாரு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. சம்பந்தம் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பா அந்த ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றதைத்தான் நினைக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு காஜாங்கிலிருந்து அப்பாவின் சிநேகிதர் வந்தார். கூப்பிடாமலே கூடத்தில் போய் நின்றேன். நீளமான பெயராக ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், சட்டைப் பித்தானைத் தடவினார்.

"டீ போட்டுக் கொண்டாம்மா," என்றார்.