நம்பர் விண்ணப்பித்த படிப்பு

என் தங்கை உயிரோடு இருந்தவரை இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்குத் தைரியம் வராத காரியங்கள் மிகக் குறைவு, கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது அவள் இல்லை. அவள் மகனும் "எழுதிக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டான். எழுதுவது அவனைப் பற்றித்தான்.

எல்லோரும் அவனை நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்தது என் கடையால். ஆகவே முதலில் கடை.

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். இன்று மூன்று ஷட்டர் அகலத்தில் நூல்கடை வைத்திருக்கிறேன். மற்ற நூல்கடைகளில் தையல்காரர் துணித் துண்டை நீட்டுவார், கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அலமாரியைத் துழாவி ஒரு நூல்கண்டை எடுத்துக் கொடுப்பார். நிறம் ஒத்துப்போகாது, மறுநாள் சண்டை. என் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. ஒவ்வொரு நிறத்திலும் ஓர் இழையை ஒட்டி, கீழே எண் போட்ட அட்டை ஒன்றை நூல் கம்பெனி கொடுக்கும். ஷேடு கார்டு என்பார்கள். அதைக் கவுண்டரில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தேன். தையல்காரரே துணியை வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டியது. அலமாரியிலும் எண் வரிசைதான். 'கடைக்காரன் கண்ணை நம்பாதே, கார்டை நம்பு' என்று பலகையும் மாட்டினேன். இதெல்லாம் எந்தப் படிப்பாளி சொல்லிக் கொடுத்தது? என் மண்டையில் உதித்தது.

உதிக்கக் காரணம் ஓர் அவமானம். வாலிபத்தில் வேறொருவர் நூல்கடையில் வேலைக்கு நின்றேன். பழுப்புத் துணிக்குப் பச்சை நூலைக் கொடுத்துவிட்டேன் என்று முதலாளி அந்தக் கண்டைத் தூக்கி என் முகத்தில் எறிந்தார். "கண்ணு இங்க, புத்தி எங்கயோ மேயுது" என்றார். மறுபடியும் அதே தப்பு நடந்ததும் வெளியே தள்ளினார். கவனம் போதவில்லை என்று நானும் நம்பினேன். இனி நிறத்தின் பக்கமே போவதில்லை, எண்ணோடுதான் வியாபாரம் என்று வைராக்கியம் வைத்தேன். அவர் கடை இன்று இருந்த இடம் தெரியவில்லை.

தங்கையின் கணவர் லாரியில் அடிபட்டு இறந்தபோது, அவளையும் கைக்குழந்தையையும் கடைக்கு மேலே இருந்த அறைக்குக் கூட்டிவந்தேன். பையன் நூல் கோன்களுக்கு நடுவில் தவழ்ந்தான். எழுத்து கற்பதற்கு முன்பே எண் கற்றான். தையல்காரர் எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கோன் கவுண்டரில் இருக்கும். கத்தரி என்று நாங்கள் கூப்பிடும் தையல்காரர் ஒருவர், "முதலாளி, இவன் என்ன, பார்கோடோட பொறந்தானா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவன் நம்பர்.

தங்கைக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு. மாதாமாதம் பரிசோதனைக்குப் போக வேண்டும். பையன்தான் கூட்டிக்கொண்டு போவான். ஒரு நாள் லேபில் வேலை பார்த்த பெண், "வா, உங்க அம்மா ரத்தம் எப்படி இருக்குன்னு பாரு" என்று அவனை மைக்ராஸ்கோப்பில் குனியவைத்தாள். குனிந்தவன் அப்புறம் நிமிரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"மாமா, பட்டன் டப்பாவைக் கவுத்த மாதிரி வட்டம் வட்டமா இருக்கு. அம்மாவோடதுல பாதி பட்டன் ஓரம் உடைஞ்சு கிடக்கு. ஏன் உடையுதுன்னு யாராவது கண்டுபிடிக்கணும்ல?"

"யாருடா கண்டுபிடிப்பா?"

"நான்தான்."

அதற்கு ஒரு படிப்பு இருக்கிறதாம், உயிர்மருத்துவ அறிவியல். அந்தப் பெயர் என் நாக்கில் ஏற ஒரு வாரம் ஆனது. ஏறிய பிறகு இறங்கவில்லை. "டாக்டர் மருந்து எழுதுறதுக்கு முன்னாடி இவன் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லணும். இவன் சொல்லாம டாக்டரே வாயைத் திறக்க முடியாது" என்று தெரு முழுக்க விளக்கம் சொன்னேன். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு இருந்தது. அம்மாவை விட்டுப் போக வேண்டியதில்லை. அவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கவுண்டரில் உட்கார்ந்து எழுதினான்.

"என்னைப் பத்தி ஒரு வரி போடுடா."

"படிக்கப்போறது நான் மாமா."

"வளர்த்தது யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

சிரித்துக்கொண்டே ஒரு வரி போட்டான். 'என் மாமாவின் கடையில் பொருள்களை எண்ணால் அடையாளம் காணக் கற்றேன்.' அந்த வரியை நான் கத்தரியிடம் நாலு தடவை வாசித்துக் காட்டினேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. நானே போய்ச் சட்டை எடுத்துவந்தேன். நல்ல பழுப்பு, கம்பீரமான சட்டை. தங்கை அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னண்ணா, பாசி புடிச்ச பச்சையில வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"பச்சையா? பழுப்பும்மா இது."

"பழுப்புதாம்மா" என்றான் நம்பர்.

"பாரு, ரெண்டு ஓட்டு இந்தப் பக்கம். மாத்திரை முழுங்கி முழுங்கி உனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு" என்றேன். அவளும், "இருக்கலாம்" என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவனோடு நானும் போனேன். ஆசிரியர்கள் மூன்று பேர் கேள்வி கேட்டார்களாம். வெளியே வந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கிடைச்ச மாதிரிதான் மாமா. உடம்பு செக்கப் மட்டும் பாக்கி."

பரிசோதனை அறையில் விண்ணப்பித்தவர் மட்டும்தான் என்றார்கள். "வளர்த்தவன் நான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பெண் டாக்டர் அவனுடைய எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். கடைசியில் ஒரு புத்தகத்தை விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய வட்டம், அது நிறையப் பொட்டுப் பொட்டாக நிறங்கள். "உள்ள ஒரு எண் ஒளிஞ்சிருக்கு. சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம்பரிடமே எண்ணைக் கேட்கிறார்களே என்று நினைத்தேன்.

முதல் பக்கத்தைப் பட்டென்று சொன்னான். அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டான். புத்தகத்தைச் சாய்த்துப் பார்த்தான், தள்ளிவைத்துப் பார்த்தான்.

"இதுல எண் எதுவும் இல்லையே மேடம்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவன் காதோரம் வியர்வை இறங்குவதைப் பார்த்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"டாக்டரம்மா, புள்ளையைச் சும்மா குழப்பாதீங்க. வெறும் பொட்டுதான் இருக்கு. நான் காலமெல்லாம் கலர்நூல் விக்கிறவன். எண் இருந்தா என் கண்ணுக்குத் தப்பாது."

டாக்டர் என்னோடு வாதாடவில்லை. புத்தகத்தை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"இதுல?"

"இல்ல."

"இதுல?"

"அதுலயும் இல்ல. அச்சடிச்சவன் உங்களை ஏமாத்திட்டான்."

"ஐயா, நீங்க இவருக்கு என்ன உறவு?"

"தாய்மாமன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நம்பர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவனுக்கு அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. அவன் பாடப் புத்தகத்தில் இருந்த பாடம்தானாம் அது. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. தாய்க்கு எந்தக் குறையும் இருக்காது, ஆனால் அவள் வழியாக மகனுக்கு வந்துவிடும். அவளுடைய அண்ணன் தம்பிக்கும் இருக்கலாம். பரீட்சையில் படம் வரைந்து முழு மார்க் வாங்கியிருக்கிறான். அது எங்கள் வீட்டுப் படம் என்று மட்டும் தெரியாமல் போய்விட்டது. எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து அவனை நிறம் கேட்டவர் யாரும் இல்லையே. எண்தானே கேட்டோம்.

ரத்தத்தையும் சதையையும் சாயம் ஏற்றித்தான் பார்ப்பார்களாம். சாயத்தின் நிறத்தை வைத்துத்தான் நோயைச் சொல்வார்களாம். ஆகவே இந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கண்ணுக்கு இடம் இல்லை, அது விதி என்றார் டாக்டர். "வேற ஊர்ல விதி வேற மாதிரி இருக்கலாம். விசாரிச்சுப் பாருங்க" என்றும் சொன்னார்.

நான் விடவில்லை. "எல்லாக் கலருக்கும் ஒரு எண் போட்டுக் குடுங்கம்மா. அப்புறம் இவனை மிஞ்ச ஆள் இருக்கான்னு பாருங்க."

"ரத்தத்துல யாரும் எண் எழுதி வைக்கலையே ஐயா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். வெகுநேரம் நானே பேசினேன். வேற ஊருக்குப் போ, செலவு என்னோடது, அம்மாவை நான் பார்த்துக்கறேன் என்றேன்.

"அம்மாவை விட்டுட்டுப் போக மாட்டேன் மாமா. போறதா இருந்தா யாருக்காகப் படிக்கிறது?" கொஞ்சம் கழித்து, "இதை அம்மாகிட்ட சொல்ல வேணாம்" என்றான்.

"ஏன்டா?"

"தன்கிட்டயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. சரியாப் பதில் சொல்லலை, கிடைக்கலைன்னு சொல்லிக்கறேன்."

தெருவுக்கே கேட்கிற என் வாய் அன்றைக்கு மூடியதுதான்.

தங்கை நம்பிவிட்டாள். "ரெண்டு வார்த்தை தைரியமாப் பேச வரலையா உனக்கு? உன் மாமாகிட்ட பாதி வாயை வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல" என்று திட்டினாள். திட்டிவிட்டு அவன் தலையைத் தடவினாள். "போகட்டும், அடுத்த வருஷம் போ" என்றாள். அவன் சரிம்மா என்றான். அடுத்த வருடமும் அதையே சொன்னாள், அவனும் சரிம்மா என்றான். கடையில் கோன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னான். கத்தரி ஒருவர்தான், "படிப்பு என்னாச்சு நம்பரு?" என்று விடாமல் கேட்டார். "ஸ்டாக் இல்லைன்னுட்டாங்கண்ணே" என்பான்.

போன வருடம் அவள் படுத்த படுக்கையாவதற்குக் கொஞ்சம் முன்னால், மேல் அறையில் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பட்டன் தெறித்திருந்தது. அடுத்த தேர்வுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

"டேய், கடையிலயிருந்து கொஞ்சம் பச்சை நூல் எடுத்துட்டு வா."

"நம்பர் சொல்லும்மா."

"எதுக்குடா நம்பரு? பச்சைன்னா தெரியாதா?" என்று சிரித்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத்தான் என்ன தெரியும். கீழே போய்க் கார்டைச் சங்கிலியிலிருந்து கழற்றி எடுத்துவந்து, அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து விரித்துப் பிடித்தான். அவள் சட்டையை அதன்மேல் வைத்து, ஒவ்வோர் இழையாக நகர்த்திப் பார்த்து, ஓர் இடத்தில் விரலை வைத்தாள். விரலுக்குக் கீழே இருந்த எண்ணை அவன் வாய்விட்டு வாசித்தான். நான் எடுத்துவரக் கீழே போனேன்.