டாக்டரம்மாவுக்கு ரோடு தெரிய வேண்டும்

மாட்டின் பின்னால் போய் நிற்பதற்கு முன்பு டாக்டர் ஆனந்தவல்லி கொட்டகையில் ஒரு செங்கல் தேடுவார். இரண்டு கிடைத்தால் நல்லது. அடுக்கி, காலால் ஆட்டிப் பார்த்து, மேலே ஏறி நின்று, இடது கைக்குத் தோள்வரை பிளாஸ்டிக் உறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இப்பப் புடிங்க வால" என்பார். கலப்பினப் பசு எதுவும் அவருடைய உயரத்துக்குக் குனிந்து கொடுப்பதில்லை. சினை பார்த்து முடித்துக் கீழே இறங்கியதும், கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் அவர் மருத்துவர். வயது நாற்பத்தேழு. உயரம் நாலடி எட்டங்குலம். நாகப்பட்டினத்தில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, நாமக்கல்லில் படித்து, இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர். அவருடைய கணவர் நாகநாதன் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆறடி உயரம். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. நான் அதே பள்ளியில் தமிழாசிரியர். அப்படித்தான் டாக்டரம்மா எனக்குப் பழக்கம்.

அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். மாட்டின் மார்புச் சுற்றளவை அளந்து, எடையை மதிப்பிட்டு, அதற்குத் தக்கபடி மருந்து கொடுப்பதற்கானது. அதே டேப்பால் அவர் உலகத்தையும் அளப்பார். ஒருமுறை வங்கிக் கவுன்ட்டரை அளந்து, அதன் உயரத்தை எழுதி, "இதுக்குப் பின்னால மேனேஜர் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியல, இருந்தா பதில் போடவும்" என்று கடிதம் கொடுத்தார். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு முக்காலி வாங்கிப் போட்டார்கள். டாக்டரம்மா அதில் ஏறவில்லை. "நான் எதுக்கு ஏறணும்? நீங்க எறக்குங்க" என்றார்.

"கட்டுனவன் அவனோட அம்மாவ ஒரு தடவ நிக்க வச்சுப் பாத்திருந்தா இப்படிக் கட்டியிருப்பானா?" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம். பஸ்ஸின் முதல் படி, ஏ.டி.எம். திரை, ரயிலின் மேல் படுக்கை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கேள்விதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் சம்பா அறுவடை சமயத்தில், தார்ச்சாலையில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருந்த நெல்லில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து அவருக்குக் காறையெலும்பு முறிந்தது. காயப்போட்டவரை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "களம் இல்லாதவரு வேற எங்க காயப்போடுவாரு?" என்று கேட்டுவிட்டார். எலும்பு கூடியதும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பயிற்சிப் பள்ளிக்காரர் முதல் நாளே ஒரு தலையணையைக் கொண்டுவந்து சீட்டில் போட்டாராம். ஒரு மாதம் முழுக்க அந்தத் தலையணை வழுக்கி வழுக்கி, ஒவ்வொரு பிரேக்குக்கும் டாக்டரம்மா முன்னால் சரிந்துகொண்டே ஓட்டியிருக்கிறார். "ஓட்ட வந்துச்சு. ஆனா பயந்துக்கிட்டேதான் ஓட்டுனேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதனால்தான் தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போனபோது அவர் மைலேஜ் கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. நேராக ஆரம்ப மாடலின் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கின் மேல்வளைவு கண்ணுக்கு நேரே நின்றது.

"இந்த சீட்ட மேல ஏத்துங்க" என்றார் விற்பனை இளைஞரிடம்.

"மேடம், இது பேஸ் மாடல். இதுல ஏத்தி எறக்குற வசதி வராது."

"எதுல வரும்?"

"மேலேருந்து ரெண்டாவது மாடல்ல வரும் மேடம். அதுல சன்ரூஃப், அலாய் வீல், பெரிய ஸ்கிரீன், உள்ள அறுபத்துநாலு கலர்ல லைட்டு, எல்லாமே சேந்து வரும்."

"அதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. எனக்கு சீட்டு ஏறுனா போதும்."

"தனியா வராது மேடம். எல்லாம் ஒரே பேக்கேஜ்."

டாக்டரம்மா நாகநாதனை வண்டிக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னார். பிறகு குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். "இன்னும் கொஞ்சம்... இன்னும்..." நாகநாதனின் தலை பானட்டுக்குக் கீழே மறைந்துபோனது. ஷோரூமில் இருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, இறங்கி வந்து அவர் தலையிலிருந்து தரைவரை டேப் பிடித்தார். விற்பனை இளைஞரைக் கூப்பிட்டு அளவைக் காட்டினார்.

"ஒண்ணாங்கிளாஸ் புள்ள ஒண்ணு இங்க நின்னா எனக்குத் தெரியாது. கன்னுக்குட்டி படுத்திருந்தா தெரியாது. நான் போற ரோடெல்லாம் இது ரெண்டுந்தான் இருக்கு. வானத்தப் பாக்க ஓட்டை வாங்குனாத்தான் குட்டையா இருக்கறவளுக்கு ரோட்டக் காட்டுவீங்களா?"

அந்த இளைஞர் பாவம், "ஈ.எம்.ஐ.ல பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது மேடம்" என்றார். அதற்கு டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீட்டில் எல்லோரும் மேல் மாடலையே எடுக்கச் சொன்னார்கள். நாகநாதனின் அண்ணன் அரசப்பன் மயிலாடுதுறையிலிருந்து தினமும் போன் செய்தார். டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி பார்க்க எடுப்பாக இருக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்தவரை டாக்டரம்மாவால் வாங்க முடியாமல் இல்லை. அவருடைய ஆத்திரம் வேறு. "எங்கப்பாவும் குட்டைதான். போட்ல ஸ்டியரிங் பிடிக்க கீழ ஒரு பலகையப் போட்டு ஏறி நிப்பாரு. பலகைக்காக அவரு பெரிய போட் வாங்கல. இவனுங்க பலகைய ஒளிச்சு வச்சுக்கிட்டு என்னையப் பெரிய போட் வாங்கச் சொல்றானுங்க."

கடைசியில் ஆரம்ப மாடலையே எடுத்தார். எடுத்த கையோடு ஒரு கார் அலங்காரக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். பேஸ் மாடலை டாப் மாடலாக ஆக்கிவிடலாம் என்றார். கூரை முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினால் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு சன்ரூஃப் மாதிரியே இருக்குமாம். "மாட்டுக்குக் கொம்புல பெயின்ட் அடிச்சு என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். சீட்டை உயர்த்த முடியுமா என்று அந்த மனிதரிடமும் கேட்டிருக்கிறார். அடியில் இரும்புக் கட்டை வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் கார் சீட் வேலை செய்கிற ஷேக் பரீத் அப்படிச் சொல்லவில்லை. அவர் அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். வண்டிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பார்த்தார்.

"டாக்டரம்மா, சீட்டுக்கு அடியில வெல்டிங் வைக்கிறவன நம்பாதீங்க. இடிச்சா மொதல்ல புடுங்கிக்கிட்டு வர்றது அதுதான். குஷனும் வேணாம். பிரேக் அடிச்சா வழுக்கி, பெல்ட்டு வயித்துக்கு ஏறிடும்."

"அப்ப என்னதான் பண்றது பாய்?"

பரீத் சீட்டின் பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தட்டிக் காட்டினார். அதில் நீளவாக்கில் ஒரு துளை இருந்தது. கைப்பிடி வர வேண்டிய துளை. அதே நிறத்தில் ஒரு சின்னத் தக்கையை வைத்து அடைத்திருந்தார்கள். கீழே போல்ட் இறங்குகிற இடங்களும் ஒயர் சொருகுகிற இடமும் மேல் மாடலில் இருப்பதேதான் என்றார். "எல்லாத்துக்கும் எடம் விட்டுத்தான் செஞ்சிருக்கான். அப்புறம் உங்களுக்கு வேணாம்னு அவனே முடிவு பண்ணி மூடிட்டான்."

அந்தத் துளையைப் பற்றி என்னிடம் சொன்னவர் நாகநாதன். கொடுக்க இடமில்லாமல் கொடுக்காவிட்டால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். இடம் செய்து, துளை போட்டு, பிறகு அதை அடைக்க ஒரு தக்கையையும் தனியாகத் தயாரித்திருக்கிறார்கள். எனக்கே அதைக் கேட்டதும் உறுத்தியது. காரணம் உண்டு. என்னிடம் இருப்பது அதே வண்டியின் மேல் மாடல். என் உயரம் ஐந்தடி பத்தங்குலம். சீட்டை ஏற்றும் கைப்பிடியை மூன்று வருடங்களில் ஒருநாள்கூட நான் தொட்டதில்லை. சன்ரூஃபை ஒரே ஒரு தடவை திறந்தேன், அறுவடை இயந்திரத்தின் தூசியும் வைக்கோல் துணுக்கும் மடியில் வந்து கொட்டின.

மேல் மாடலின் சீட்டை விலைக்குத் தரும்படி ஷோரூமில் கேட்டதற்கு, அவருடைய வண்டியின் எண்ணைத் தட்டினால் கம்ப்யூட்டரில் அந்தப் பாகம் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரீத்தான் திருச்சியில் ஓர் உதிரிபாகக் கடையில் சொல்லிவைத்து, மூன்று வாரம் காத்திருந்து, அதே கம்பெனியின் புதுச் சீட்டை வரவழைத்தார். நாலு போல்ட், ஒரு பிளக். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா ஏறி உட்கார்ந்து கைப்பிடியை இழுத்து இழுத்து உயர்த்தினார். பரீத் தானாகவே வண்டிக்கு முன்னால் போய்க் குந்தினார். "தெரியுறேனா?" "உங்க தொப்பி தெரியுது, தாடி தெரியுது, பாய்" என்றார் டாக்டரம்மா. கூலியை வாங்கிக்கொள்ள பரீத் ரொம்ப நேரம் மறுத்தாராம். அவர் ஆட்டுக்கு ஒருமுறை டாக்டரம்மா வைத்தியம் பார்த்திருக்கிறார்.

போன மாதம் சர்வீஸ் சென்டரில் நான் என் வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மாவும் சர்வீஸ் முடிந்த தன் வண்டியை எடுக்க வந்தார். வண்டியைப் பரிசோதித்தவர்கள் மேலாளர் வெங்கட்ராகவனை அழைத்துவந்தார்கள். நல்ல உயரமான மனிதர், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், வெளியில சீட்டு மாத்திட்டீங்க. இது மாடிஃபிகேஷன். வாரன்டி செல்லாது."

"சீட்டுக்கா, இன்ஜினுக்கா?"

"மொத்தமாவே மேடம். சிஸ்டம்ல அப்படித்தான் போட முடியும்."

"குனிஞ்சு அந்த சீட்டுக்கு அடியில லேபிள் இருக்கும், படிச்சுட்டு வாங்க."

அவர் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் மாறியிருந்தது. "எங்க கம்பெனிதான் மேடம். இதே வண்டிதான். டாப் மாடலுக்கு உள்ளது."

டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"உங்க சீட்ட, உங்க வண்டியில, நீங்க போட்ட ஓட்டையிலயே மாட்டியிருக்கேன். அது தப்பு. நான் தலகாணி போட்டு ஓட்டி, வழுக்கி விழுந்து, ஒரு புள்ள மேல ஏத்தியிருந்தா வாரன்டி இருந்திருக்கும். அப்படித்தானே சார்?"

"ரூல் நான் போடல மேடம்."

"தெரியும். போட்டவன் உங்க உயரம் இருப்பான்."

டாக்டரம்மா சுற்றிப் பார்த்தார். அவருடைய புகாரைக் குறித்துக்கொள்ள அட்டையும் பேனாவுமாக ஓர் இளம்பெண் நின்றிருந்தார். மதுவந்தி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"நீங்க என்ன உயரம்மா?"

அந்தப் பெண் மேலாளரைப் பார்த்துவிட்டு, "நாலு ஒம்போது மேடம்" என்றார்.

பக்கத்தில் டெலிவரிக்காக ஒரு புது பேஸ் மாடல் நின்றது. டாக்டரம்மா அவரை அதில் உட்காரச் சொன்னார். பிறகு தன் வண்டியில் உட்காரச் சொல்லி, பரிசோதித்தவர்கள் கீழே இறக்கிவைத்திருந்த சீட்டின் கைப்பிடி இருக்கும் இடத்தைக் காட்டினார். மதுவந்தி தயங்கித் தயங்கி இழுத்தார். சீட் மேலே வந்தது. அவர் முகமும் ஸ்டியரிங்குக்கு மேலே வந்தது.

"என்ன தெரியுதுன்னு உங்க சார்கிட்ட சொல்லுங்க."

"அந்த வண்டியில எதிர்ச் சுவர் மட்டுந்தான் தெரிஞ்சுது சார்" என்றார் மதுவந்தி. "இதுல தரை தெரியுது."

வெங்கட்ராகவன் தன் அறைக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். இருபது நிமிடம் கழித்து வந்து, சீட்டுக்கு மட்டும் வாரன்டி கிடையாது, மற்றதெல்லாம் தொடரும் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்துப் பைக்குள் வைத்தார். ஜெயித்த மாதிரி அவர் முகம் இல்லை.

"எனக்கு பாய் கெடச்சாரு. மத்தவங்க தலகாணியிலதானே சார் ஓட்டுவாங்க? இந்த சீட்ட கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கச் சொல்லி மேல எழுதுங்க."

"எழுதறேன் மேடம்."

"நானும் எழுதுவேன். பதில் வர்ற வரைக்கும் எழுதுவேன்."

மதுவந்தி இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "மதுவந்தி, எறங்கும்மா. டிரைவர் வந்து வண்டிய வெளியில எடுக்கட்டும்" என்றார் மேலாளர்.

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"இருக்கு மேடம். ரெண்டு வருஷமா இருக்கு. இங்க எங்களை எடுக்க விடமாட்டாங்க."

டாக்டரம்மா கையிலிருந்த சாவியைச் சன்னல் வழியாக அவரிடம் நீட்டினார். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.