கோமதிக்கு ஓர் இத்தாலிய நாணயம்: சேலையூரிலிருந்து கோவளம் வரை

தாம்பரத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இந்த வலைப்பதிவில் வழக்கமாக எழுதுவேன். இந்தப் பயணமும் ஒரே நாள்தான். போகவர எல்லாம் சேர்த்து எழுபது கிலோமீட்டர் வரும். ஆனால் கிளம்புவதற்கு எனக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஷீலா இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இரண்டு யூரோ நாணயம் ஒன்றை என் கையில் வைத்தாள். முகக்கவசம் போட்ட ஓர் ஆணும் பெண்ணும் அதில் இருந்தார்கள். மேலே அவர்கள் மொழியில் 'நன்றி' என்று ஒரே ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் வேலை செய்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி சொல்லி அந்த நாட்டு அரசு 2021இல் வெளியிட்டது. கடையில் மீதிச் சில்லறையாக வந்ததாம்; எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

"அப்போ எங்க பில்டிங்ல கீழ் வீட்டு அம்மா தினமும் என் கதவுல ரொட்டிப் பை மாட்டிட்டுப் போவாங்கக்கா. முகம்கூட பார்த்ததில்ல. இங்க நர்சுங்களுக்கெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம்" என்றேன்.

பொய். சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தம் இருபத்துநான்கு வீடு. 2020இல் சங்கச் செயலாளர் நான். தரைத்தளத்தில் கோமதி என்ற நர்ஸ், ஐந்து வயது மகளோடு வாடகைக்கு இருந்தாள். ஏப்ரலில் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்தது. அவள் தொடும் கேட்டைத்தானே நாமும் தொடுகிறோம், நம் வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்களே என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். மூன்றாவது நாள் நான் ஒரு நோட்டீஸ் தட்டச்சு செய்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். 'பொது நலன் கருதி, தரைத்தளத்தில் வசிக்கும் மருத்துவமனை ஊழியர் மூன்று நாட்களுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' கீழே என் கையெழுத்து. இரண்டாம் நாளே மருத்துவமனை வேன் வந்தது. இரண்டு பை, ஒரு குழந்தை. அதற்குச் சில வாரம் முன்னால் எந்த பால்கனியில் நின்று நர்சுகளுக்காகக் கை தட்டினேனோ, அதே பால்கனியில் நின்று பார்த்தேன்.

ஷீலா இத்தாலிக்குத் திரும்பிய பிறகு அந்த நாணயத்தை எங்கே வைத்தாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கோமதியின் பழைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அவளுடைய அன்றைய வீட்டுக்காரரிடம் கேட்டதில், பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றைச் சொன்னார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல் கிளம்பினேன்.

காலை 7.10க்கு கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ. தாம்பரம் ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய். 7.40க்கு செங்கல்பட்டு போகும் மின்சார ரயில். பெருங்களத்தூர் அடுத்த ஸ்டேஷன்தான், ஐந்து ரூபாய் டிக்கெட், உட்காரக்கூட நேரமில்லை. (பொங்கல், தீபாவளிக்கு முந்தின இரண்டு நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தெற்கே போகிற மொத்த ஜனமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கும்.) ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். ஏரிக்கரைக்கு எண்பது ரூபாய் கேட்டார், அறுபதுக்குப் படிந்தது.

"ஏரி பார்க்கவா மேடம்? இந்த வருஷம் தண்ணி நல்லா கீது" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா, தெரிஞ்சவங்க வீட்டுக்கு."

தெரிஞ்சவங்க என்ற வார்த்தையைச் சொன்னபோது எனக்கே கூசியது.

வீடு சுலபமாகக் கிடைத்தது. பூட்டியிருந்தது. மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "கோமதி சிஸ்டரா? இன்னிக்கு வீக்லி ஆஃப். கோவளத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. நம்பர் தரட்டுமா?" என்றாள்.

நம்பரை வாங்கி போனில் போட்டுக்கொண்டேன். அழைக்கவில்லை. அழைத்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்லிவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாமே என்றும் ஓர் ஆசை. ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்றேன். பிறகு பெருங்களத்தூருக்கே நடந்தேன், ஒன்றரை கிலோமீட்டர்.

9.05க்கு கேளம்பாக்கம் பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டலூரில் இடதுபுறம் திரும்பி இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கேளம்பாக்கத்தில் இறங்கி ஒரு காபி, பதினைந்து ரூபாய். கோவளத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். குப்பத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது மணி 10.35.

கோமதியின் அம்மா பெயர் தேசம்மா என்று மாடி வீட்டுப் பெண் சொல்லியிருந்தாள். பெயரைச் சொன்னதும் கை காட்டினார்கள். சாலையோரம் பெரிய குடை, அடியில் பலகை, பலகை மேல் மீன்.

"வாம்மா, இன்னா வோணும்? சங்கரா கீது, வஞ்சிரம் கீது."

"மீன் வாங்க வரலைம்மா. கோமதியைப் பார்க்கணும்."

"தண்ணி கேன் எட்தார போய்க்கீறா, வந்துருவா. குந்து." பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தள்ளினார். "கூட வேல செய்யிற பொண்ணா நீ?"

"இல்லம்மா. சேலையூர்ல ஒரே பில்டிங்ல இருந்தோம்."

தேசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த பில்டிங்கா?" என்று கேட்டுவிட்டு மீனை வெட்ட ஆரம்பித்தார். வெட்டிக்கொண்டே பேசினார்.

"அந்த வூட்ட காலி பண்ண சொல்ட்டாங்கோ. புள்ளைய தூக்கினு இங்க வந்தா. இங்க மட்டும் இன்னா? குப்பத்து ஆளுங்கோ தோ, அங்க நின்னுகினு உள்ள வராதன்னாங்கோ. எல்லாம் சொந்தக்காரங்கதான். புள்ளைய மட்டும் வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்கே பூட்டா. அங்கயே படுக்கை, அங்கயே சோறு. நாலு மாசம். லீவு வுட்டா வருவா, ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுகினு பாத்துட்டு போவா. புள்ள இங்கேர்ந்து அம்மா அம்மான்னு கத்தும். இட்த்துப் புட்ச்சுகினு நான் நிப்பேன். பேஜாரா பூட்ச்சு எனுக்கு." கத்தியால் செதிலை ஒதுக்கினார். "யாரோ ஒர்த்தி பேப்பர்ல எழுதி ஒட்டிட்டாளாம். நேர்ல வந்து சொல்லியிருந்தாக்கூட மன்சு ஆறியிருக்கும்."

சொல்லாமலே உட்கார்ந்திருக்கலாம். மீன் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியாது.

"அதை எழுதினது நான்தாம்மா" என்றேன்.

கத்தி நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெட்டின துண்டங்களைத் தண்ணீரில் அலசி, காத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் பையில் போட்டார். பிறகு, "அவ வரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் கோமதி வந்தாள், ஸ்கூட்டரின் முன்னால் தண்ணீர் கேனோடு. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்கூட்டரை நிறுத்தி, கேனை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்றாள்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். "தப்பு பண்ணிட்டேன் கோமதி. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவள் கடல் பக்கம் பார்த்தாள். "பயம் எனக்கும்தான் மேடம் இருந்துச்சு. பிபிஇ கிட் போட்டதும் ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். அதனால நீங்க பயந்ததை நான் தப்பா சொல்ல மாட்டேன். ஆனா 'மருத்துவமனை ஊழியர்'னு எழுதினீங்களே, என் பேரு உங்களுக்குத் தெரியாதா? வாராவாரம் என்கிட்டதானே பிபி பார்த்துக்குவீங்க? ஒரு தடவை கதவைத் தட்டி, கோமதி இப்படி இப்படின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"எப்பவாவது ட்யூட்டி முடிஞ்சு கண்ணை மூடினா அந்த பேப்பர்தான் வரும். செத்தவங்க முகம்கூட வராது."

கைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்து நீட்டினேன். ஷீலாவைப் பற்றிச் சொன்னேன். கோமதி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. எங்களுக்கும் சால்வை போட்டாங்க மேடம், சர்டிபிகேட் குடுத்தாங்க. அதுக்கெல்லாம் குறையில்ல. வீடுதான் கிடைக்கல." சிரிக்காமல்தான் சொன்னாள். பிறகு நாணயத்தை என் உள்ளங்கையிலேயே வைத்தாள். "அம்மாகிட்ட குடுங்க. அந்த நாலு மாசம் புள்ளைய வச்சுகிட்டு கஷ்டப்பட்டது அவங்கதான்."

தேசம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்து வாங்கினார். "இது செல்லுமா?"

"இந்த ஊர்ல செல்லாதும்மா."

"செல்லாத காசா குடுக்க இம்மாந்தூரம் வந்தே?" என்றார். கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. தேசம்மா அதை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "சாப்ட்டு போ" என்றார். சங்கராக் குழம்பு. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

கிளம்பும்போது கோமதி கேட்டாள்: "எங்க வார்டுல ரெண்டு பொண்ணுங்க, திருவண்ணாமலைப் பக்கம். ரெண்டு மாசமா கேம்ப் ரோட்ல வீடு தேடுறாங்க. நைட் ட்யூட்டின்னு சொன்னா கதவைச் சாத்துறாங்க. உங்க பில்டிங்ல காலி இருக்கா மேடம்?"

இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. "இருக்கு" என்றேன். அந்த வார்த்தையைத்தான் நான் கோவளத்திலிருந்து சுமந்துகொண்டு வந்தேன். 1.20க்கு கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி, 2.45க்கு வீடு.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். செயலாளர் இப்போது வேறொருவர். நேரம்கெட்ட நேரத்தில் கேட் திறப்பது, வருகிறவர் போகிறவர் என்று இரண்டு பேர் ஆட்சேபம் சொன்னார்கள். நான் எழுந்து, 2020 ஏப்ரலில் நான் எழுதியதை வரிவரியாகச் சொன்னேன். அவளுடைய பெயர் கோமதி என்றும் சொன்னேன். அவள் குழந்தையை எங்கே நின்று பார்த்தாள் என்பதையும். ஒருவர் பாதியில் எழுந்து போனார். மற்றவர்கள் சம்மதித்தார்கள்.

இதுபோல யாரையாவது தேடிப் போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். என் மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். கேளம்பாக்கம் போகிற பேருந்துகள் ஞாயிறு மதியம் குறைவு, அரைமணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோவளத்தில் வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை, குடை அவசியம். பரிசு எதுவும் கொண்டுபோகத் தேவையில்லை. கொண்டுபோனால் அதை வாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சாப்பிடச் சொன்னால் மறுக்க வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று கோமதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவளுடைய வேலையும் இல்லை.

மார்ச் முதல் வாரம் அந்த இரண்டு பெண்களும் குடிவந்தார்கள். சாமான் வந்த குட்டியானை வண்டிக்குப் பின்னாலேயே கோமதி ஸ்கூட்டரில் வந்தாள். நான் கேட்டில் நின்று, "உள்ள வா கோமதி" என்றேன். "இருக்கட்டும் மேடம், நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். சாலைக்கு எதிர்ப்பக்கம், மருந்துக்கடை நிழலில் ஸ்கூட்டரைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பெட்டி மேலே ஏறும்வரை நின்றாள். நான் வீட்டுக்குப் போய் இரண்டு தம்ளர் டீ போட்டு எடுத்துக்கொண்டு, வண்டிகள் குறைவதற்குக் காத்திருந்து, சாலையைக் கடந்தேன்.