அம்மா நின்ற வரிசை

அம்மாவின் கழுத்தில் இன்றும் அந்தப் பச்சை நாடா தொங்குகிறது. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரத்தின் முதல் நாளில் எனக்குக் கொடுத்தது. அன்று அதற்குள் என் படமும் பெயரும் இருந்தன. இப்போது அம்மாவின் மருத்துவமனை அட்டை இருக்கிறது. வேறு வாங்கித் தருகிறேன் என்றால், "இது கிழிஞ்சா போச்சு? நல்லாத்தானே இருக்குலா" என்பார்.

பகாவ் பட்டணத்துக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அம்மா உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்தார். பொழுது விடியும் முன்பே எல்லாரும் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். உடம்புக்கு முடியாதவர்களுக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஒருவர் போய் நின்று, அன்றைய வேலையையும் செய்துவிட்டு வருவது எங்கள் தோட்டத்து வழக்கம். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் அம்மாதான் அவர் பெயருக்கும் கை தூக்கினார். பதில் வராத பெயரை மண்டோர் வெட்டிவிடுவார். பெயர் போனால் வேலை போகும், வேலையோடு தோட்டத்து வீடும் போகும். இதைத் தவிர வேறு எந்தச் சட்டத்தையும் அம்மா உலகத்தில் அறிந்ததில்லை.

எனக்குப் பல்கலைக்கழக இடம் லேசில் கிடைக்கவில்லை. முதலில் இல்லை என்றார்கள். மேல்முறையீடு செய்த பிறகு, மற்றவர்கள் பெட்டி கட்டி முடித்த நேரத்தில் கிடைத்தது. கிளம்புகிற அன்று எனக்குக் காய்ச்சல். சொன்னால் பயணம் நின்றுவிடுமே என்று மாத்திரையை விழுங்கிவிட்டு, வாளியையும் தலையணையையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு வாடகை வேனில் உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழக மண்டபத்தில் மூத்த மாணவர்கள் கைதட்டச் சொல்லி, கோஷம் போடச் சொல்லி எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். இரண்டாவது கோஷத்திலேயே நான் சரிந்துவிட்டேன். கண் விழித்தபோது திடலை ஒட்டிய நோயாளி அறையில் கிடந்தேன். பக்கத்தில் அம்மா, திருவிழாவுக்கு மட்டும் கட்டும் ஊதாச் சேலையில்.

பெற்றோர்கள் கிளம்பலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அம்மா அசையவில்லை. பிறகு திடலில் பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். அம்மாவின் முகம் மாறிவிட்டது. கட்டில் கம்பியில் மாட்டியிருந்த என் அட்டையை எடுத்துக்கொண்டு, "நீ படும்மா, நான் வந்துர்றேன்" என்று எழுந்து போனார். எனக்குக் குடிக்க மைலோ வாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

சன்னல் வழியே பார்த்தேன். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளின் வரிசையில், கடைசி ஆளாக அம்மா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் என் அட்டை. தோளை நிமிர்த்தி, கைகளை ஒட்டவைத்து, பெரட்டில் நிற்கிற அதே நிலை. என் பெயரைக் கூப்பிட்டதும் கையை உயர்த்தி, "இருக்கேன்யா" என்றார். திடலே சிரித்தது. ஒரு மூத்த மாணவி ஓடிவந்து ஏதோ சொன்னாள். அம்மா அட்டையிலிருந்த என் படத்தைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிள்ளைக்கு முடியவில்லை, அவளுக்குப் பதிலாக நான் நிற்கிறேன் என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். உங்கள் மகளின் இடம் எங்கும் போகாது என்று அவள் எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பவில்லை. கூட்டம் கலையும்வரை வெயிலில் நின்றார். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து அழைத்துவர என் கால்களில் தெம்பில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், குரல் சன்னலைத் தாண்டவில்லை. படுத்தபடி அழுதேன்.

திரும்பி வந்தவர் அட்டையைக் கம்பியில் மாட்டிவிட்டு, "பேர் புத்தகத்துல விழுந்துருச்சு, இனி பயமில்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இப்போது அம்மா மம்பாவில் என்னோடு இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் விசாரித்துவிட்டேன். என்னுடைய ஒரு சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றேன், என் உடம்பில் சர்க்கரை இருப்பதால் முடியாது என்றார்கள்.

இன்று காலை மருத்துவமனையில் தாதி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது, என்னையறியாமல் நான் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இதுக்கு ஆள் மாத்தி நிக்க முடியாதும்மா."

ஊசி குத்தும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று பச்சை நாடாவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. நாடாவை என் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் பெயர் என் நெஞ்சின்மேல் கிடக்கிறது. அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.