33.6 டிகிரி

"என்னங்க, போதுமா? இங்க உப்புமா அடிப்பிடிக்குது."

"நுனியை விட்டுடாதே வசு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் பிடிச்சுக்கோ."

"போன தடவை சொல்ல மறந்துட்டு முக்கால் மணி நேரம் நிக்க வெச்சீங்க. நான் உங்களுக்குப் பெண்டாட்டியா, ஸ்டாண்டா?"

கதை கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் லொங்குய் என்ற ஊரில் குடியிருக்கும் பாலகிருஷ்ணன் தன் வாயாலேயே சொன்னது இது. வீட்டு பேஸ்மென்ட்டில் அவர் ஒரு வெப்பமானி செய்துகொண்டிருந்தார். டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் 24 பிட் கன்வெர்ட்டர் அதில் இருந்தது. சூட்டை உணரும் அதன் தெர்மோகப்பிள் கம்பி படியேறிச் சமையலறை வரை போகும். நுனியை விரலால் பிடித்தால் அளவு ஏற வேண்டும், அதுதான் சோதனை. விரல் எப்போதும் மனைவி வசுமதியுடையது.

அன்று 2005 நவம்பர் 9. அவர் "போதும்" என்று சொல்வதற்குள் மேலே ஏதோ விழுந்த சத்தம். ஆம்புலன்ஸ் வந்தது. வசுமதி திரும்பி வரவில்லை.

மூன்று மாதமாக அவருக்குத் தூக்கமில்லை. "போதும்" என்ற அந்த ஒரு சொல்லை அவர் வாயில் எடுக்கவே இல்லை. சொல்லிவிட்டால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று பயம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மாலை 5:05. அலுத்துப்போய் பேஸ்மென்ட்டில் இறங்கினார். அன்று அணைக்காமல் விட்ட மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

33.6.

சமையலறையில் யாருமில்லை; இருபது டிகிரிதான் இருக்கும். நண்பர் முகமது யாசினுக்குப் போன் செய்தார்.

"கன்வெர்ட்டர் போயிருக்கும் சார். புதுசு போடுங்க."

கைவசம் இருந்த புதுசைப் போட்டார். 33.6.

மேலே போய், நுனியை ஐஸ் நிரப்பிய ஃப்ளாஸ்க்கில் அமிழ்த்தினார். பூஜ்யம் காட்ட வேண்டும். இறங்கி வந்தார். 5:40.

33.604... 33.607... 33.604... நாடித் துடிப்பு மாதிரி.

மேலே சமையலறைத் தரை முனகியது. க்ர்ர்ச்...

மீட்டர் நிமிடத்துக்கு நிமிடம் பதிந்து வைத்திருந்த பழைய அளவுகளை எடுத்தார். நவம்பர் 9, பிற்பகல் 3:38. அவள் விழுந்த நேரம். அதுவரை அவள் விரல் சூடு, 33.6; பிறகு அளவு இருபதுக்கு இறங்கியிருந்தது.

4:52. திடீரென்று 33.6. அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை.

4:52-க்கு வீடு பூட்டிக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவள் உயிர் பிரிந்த நேரமும் 4:52.

மூன்று மாதமாக... நின்றுகொண்டே...

அவர் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"போதும் வசு... கையை எடுத்துடும்மா."